தவறவிடும் அச்சம்

தவறவிடும் அச்சம் என்பது, தான் இல்லாத இடத்தில் பிறர் மகிழ்ச்சியான அல்லது பயனுள்ள ஒன்றைப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதில் தனக்குப் பங்கில்லாமல் போகிறது என்று ஒருவர் உள்ளூர உணரும் கவலை ஆகும். பிறர் என்ன செய்கிறார்கள் என்பதை இடைவிடாது அறிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற உந்துதலும் இக்கவலையுடன் சேர்ந்தே எழுகிறது. எல்லா வயதினருக்கும் இது உரியதே எனினும், இணையத்தில் நெடுநேரம் செலவிடும் பதின்ம வயதினரிடமும் இருபதுகளில் உள்ளோரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் நான்கு சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து "ஃபோமோ" என்று சுருக்கமாக வழங்குவர்.

இது மருத்துவ வகைப்பாடுகளில் இடம்பெற்ற ஒரு நோய் அன்று. ஏறக்குறைய எல்லோரிடமும் சிறிதளவேனும் உள்ள ஓர் உணர்வு. சமூக வலைத்தளங்களின் அமைப்பு இவ்வுணர்வை எவ்வாறு பெருக்குகிறது என்பதும், தனி ஒருவர் அதிலிருந்து விலகுவது ஏன் கடினமாக உள்ளது என்பதுமே அண்மைக்கால ஆய்வுகளின் முதன்மையான கேள்விகள் ஆகும்.

பெயர்

இவ்வச்சத்தை ஆய்விதழ் ஒன்றில் முதலில் விளக்கியவர் டேன் ஹெர்மன் என்னும் சந்தைப்படுத்தல் ஆலோசகர் எனக் கருதப்படுகிறது. நுகர்வோர், தமக்குக் கிடைக்கக்கூடிய வாய்ப்புகளில் ஏதேனும் ஒன்று கைநழுவிவிடுமோ என்று அஞ்சுவதை அவர் 1990களில் கவனித்து, 2000 ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார். ஃபோமோ என்ற சுருக்கத்தைப் பரப்பியவர் பேட்ரிக் மெக்கின்னிஸ். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த அவர், 2004 மே மாதம் அப்பள்ளியின் மாணவர் இதழான "த ஹார்பஸ்" இல் நகைச்சுவையாக எழுதிய கட்டுரையில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். "இதைவிட நல்லது வேறொன்று கிடைக்கக்கூடும்" என்ற அச்சத்தையும் அவர் இதற்கு இணையாக அதே கட்டுரையில் வைத்தார். அதே ஆண்டு பெப்ரவரியில் அதே பல்கலைக்கழகத்தில்தான் பேஸ்புக் தொடங்கப்பட்டது. எனினும் இரண்டிற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மெக்கின்னிஸ் எழுதியது மாணவர்கள் ஒரே மாலையில் பல விருந்துகளுக்கு ஓடுவதைப் பற்றியே. ஆக்சுபோர்டு இணைய அகராதி 2013 இல் இச்சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

தமிழில் இதற்கு நிலைபெற்ற ஒரு சொல் ஏற்படவில்லை. "விடுபடல் அச்சம்" என்பது சுருக்கமாக உள்ளது. ஆயினும் விடுபடுதல் என்பதற்கு விடுதலை பெறுதல் என்ற பொருளும் உண்டு என்பதால் குழப்பம் தரக்கூடும். "ஒதுக்கப்படும் அச்சம்" என்பது பிறர் வேண்டுமென்றே விலக்குவதைக் குறிப்பதால் முழுதும் பொருந்தாது. யாரும் ஒதுக்காதபோதும் இவ்வச்சம் எழுவதே இதன் தனித்தன்மை. எனவே இக்கட்டுரையில் "தவறவிடும் அச்சம்" என்ற தொடரே ஆளப்படுகிறது.

ஊரே பார்த்துவிட்ட திரைப்படத்தைத் தான் மட்டும் பார்க்காததும், உறவினர் எல்லோரும் கூடிய திருவிழாவுக்குச் செல்ல முடியாமல் போனதும் முற்காலத்திலும் வருத்தம் தந்தவையே. அன்று அவ்வருத்தம் மறுநாள் பேச்சிலோ அடுத்த கடிதத்திலோ வந்து சேர்ந்தது. இன்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே படமாகவும் ஒளிப்படக்காட்சியாகவும் வந்துவிடுகிறது. அழைக்கப்படாதவர் அதனைக் கண்ணால் காண்கிறார்.

அளவிடல்

ஓர் உணர்வை எவ்வாறு அளப்பது என்ற கேள்விக்கு 2013 இல் ஆன்ட்ரூ பிரசிபில்ஸ்கியும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் ஒரு விடை தந்தனர். அவர்கள் உருவாக்கிய அளவுகோலில் பத்துக் கூற்றுகள் உள்ளன. நண்பர்கள் தன்னை விட்டுவிட்டு மகிழ்ந்திருப்பதை அறிந்தால் கவலை உண்டாகிறதா, விடுமுறையில் இருக்கும்போதும் நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பன போன்ற செய்திகளை அவை கேட்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஒருவர் 1 முதல் 5 வரையிலான எண்ணால் குறிப்பார். எளிமையான இந்த அளவுகோலே பின்னர் பல நாடுகளில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டது.

பிரசிபில்ஸ்கியின் ஆய்வு, இளையோரிடம் இவ்வச்சம் மிகுந்திருப்பதைக் காட்டியது. திறமை, தன்னுரிமை, உறவு ஆகிய மூன்றும் மாந்தரின் அடிப்படை உளத்தேவைகள் என்று ஓர் உளவியல் கொள்கை கூறுகிறது. இத்தேவைகள் நிறைவேறாதவர்களிடம் தவறவிடும் அச்சம் கூடுதலாக இருந்தது. மிகுந்த அச்சம் உடையோர் காலையில் விழித்தவுடனும், உணவின்போதும், உறங்கும் முன்னும் சமூக வலைத்தளங்களைப் பார்த்தனர். மாணவர்களில் அத்தகையோர் வகுப்பு நடக்கும்போது பேஸ்புக் பார்ப்பதும், வண்டி ஓட்டும்போது செல்பேசியில் வந்த செய்தியைப் படிப்பதும் கூடுதலாக இருந்தன. கடைசியாகக் கூறியது உயிருக்கே இடர் தருவது. ஒரு குறுஞ்செய்தியை அரை மணி நேரம் கழித்துப் படிப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை என்பதை ஓட்டுபவர் அறியாதவர் அல்லர். அறிந்தும் கை செல்பேசியை நாடுகிறது.

உளவியல் விளக்கங்கள்

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருமுறை பூங்காவில் அமர்ந்திருந்தபோது, அருகில் இருவர் எறிந்து விளையாடிய தட்டு ஒன்று அவர்மீது வந்து விழுந்தது. அவர் அதனைத் திருப்பி எறிந்தார். அவர்கள் மீண்டும் அவருக்கு எறிய, மூவரும் சிறிது நேரம் விளையாடினர். பிறகு அவ்விருவரும் அவருக்கு எறிவதை நிறுத்திக்கொண்டனர். முன்பின் அறியாத இருவர் விளையாட்டில் சேர்க்காமல் விட்டது தன்னை இவ்வளவு வருத்துவானேன் என்று வியந்த வில்லியம்ஸ், அதையே ஓர் ஆய்வுமுறையாக மாற்றினார். கணித்திரையில் மூவர் பந்து எறியும் "சைபர்பால்" என்ற விளையாட்டில், ஆய்வுக்கு வந்தவருக்குச் சிறிது நேரத்திற்குப் பின் பந்து வராமல் போகும். மற்ற இருவரும் மென்பொருளே. ஆனால் அவர் அதனை அறியார். சில நிமிடங்களுக்குள் அவருடைய மனநிலை தாழ்ந்துவிடுவது மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்பே சொல்லிவிட்டாலும் வருத்தம் தோன்றுகிறது என்று 2004 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அறிவு ஒன்றைச் சொல்ல, உணர்வு வேறொன்றைச் செய்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று. "இதெல்லாம் வெறும் படங்கள்தானே" என்று பெற்றோர் கூறும் ஆறுதல் பிள்ளைகளிடம் எடுபடாததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது.

மற்றொரு விளக்கம் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954 இல் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கொள்கையில் இருந்து வருகிறது. அளவுகோல் ஏதும் இல்லாத இடங்களில் மக்கள் தம்மை ஒத்த பிறருடன் ஒப்பிட்டே தம் நிலையை மதிப்பிடுகின்றனர் என்பது அக்கொள்கை. பதின்ம வயதில் ஒப்பீட்டுக்கு உரியோர் பெரும்பாலும் உடன் பயில்வோரே. அவர்களுள் தன் இடம் எது என்பது அவ்வயதில் சிறிய செய்தி அன்று.

கனடாவில் முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் மரினா மில்யாவ்ஸ்காயாவும் பிறரும் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வச்சத்தின் நேரப்போக்கைப் பதிவு செய்தது. நாளின் பிற்பகுதியிலும் வார இறுதியை நெருங்கும்போதும் அது கூடியது. படிப்பு, வேலை முதலிய கட்டாயப் பணிகளில் ஈடுபட்டிருக்கும்போது மிகுதியாக எழுந்தது. அடிக்கடி இவ்வச்சத்துக்கு ஆளானோரிடம் சோர்வும் மன அழுத்தமும் உறக்கக் குறைவும் காணப்பட்டன. தவறவிட்ட செய்தி சமூக வலைத்தளத்தின் வழி வந்தாலும், ஒரு நண்பர் நேரில் சொன்னாலும் அச்சம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆகவே இணையம் இவ்வச்சத்தைப் படைத்தது என்று கூறுவது சரியன்று. நேரில் சொல்லும் நண்பர் நாளுக்கு ஒருமுறை வருகிறார், வலைத்தளமோ நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதே வேறுபாடு.

எண்ணிக்கை தரும் மயக்கம்

எல்லோரும் தன்னைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்ற எண்ணத்தின் ஒரு பகுதி, உளவியலுக்கும் முன்னே கணக்கில் இருந்தே பிறக்கிறது. ஸ்காட் ஃபெல்டு என்ற சமூகவியலாளர் 1991 இல் இதனை விளக்கினார். பெரும்பாலோருக்கு, அவர்களுடைய நண்பர்களின் சராசரி நண்பர் எண்ணிக்கை தம்முடைய எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருக்கும். இது நட்பு முரண்தோற்றம் எனப்படும்.

க, ங, ச, ஞ, ட என்ற ஐந்து மாணவர்களை எடுத்துக்கொள்வோம். க என்பவர் மற்ற நால்வருக்கும் நண்பர். அதைத் தவிர ங, ச ஆகிய இருவரும் தமக்குள் நண்பர்கள். வேறு நட்பு எதுவும் இல்லை. இப்போது க வுக்கு 4 நண்பர்கள். ங, ச ஆகியோருக்கு 2 பேர் வீதம். ஞ, ட ஆகியோருக்கு 1 வீதம். மொத்தம் 10, சராசரி 2. ஞ தன் ஒரே நண்பரைப் பார்க்கிறார். அவருக்கு 4 நண்பர்கள். ட வுக்கும் அப்படியே. ங தன் இரு நண்பர்களைப் பார்க்கிறார். அவர்களுக்கு முறையே 4, 2 நண்பர்கள் உள்ளதால் சராசரி 3. ச வுக்கும் அதே 3. ஆக ஐவரில் நால்வர், "என் நண்பர்களுக்கு என்னைவிட நண்பர்கள் மிகுதி" என்ற முடிவுக்கு வருவர். அவர்கள் எவரும் கணக்கில் பிழை செய்யவில்லை. நண்பர் மிகுந்த க நால்வரின் பட்டியலிலும் இடம்பெறுவதால் நான்கு முறை எண்ணப்படுகிறார். தனித்திருக்கும் ஞ ஒரே ஒருமுறை மட்டும் எண்ணப்படுகிறார். இவ்வளவே இதன் கமுக்கம்.

இது ஐந்து பேருக்கு மட்டும் பொருந்தும் விளையாட்டுக் கணக்கு அன்று. 2011 இல் பேஸ்புக்கின் 72 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் நட்பு வலையை ஆராய்ந்தபோது, பயனரின் சராசரி நண்பர் எண்ணிக்கை 190 ஆகவும், அவர்களுடைய நண்பர்களின் சராசரி 635 ஆகவும் இருந்தன. ஏறத்தாழ 93 விழுக்காட்டுப் பயனர்களுக்கு, நண்பர்களின் சராசரி தம்முடையதைவிடக் கூடுதலாக இருந்தது.

இதனுடன் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஒருவர் 300 பேரைப் பின்தொடர்கிறார் என்று கொள்வோம். அந்த 300 பேரும் மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எங்கேனும் சென்று படம் இடுகிறார்கள். மற்ற 29 நாட்களும் வீட்டிலோ வகுப்பிலோ பணியிலோதான் இருக்கிறார்கள். எனினும் பின்தொடர்பவரின் திரையில் நாள்தோறும் 10 உலாக்கள் தோன்றும். அன்று எங்கும் செல்லாத 290 பேர் திரையில் தோன்றுவதே இல்லை. திரையைப் பார்ப்பவர், தான் ஒருவர் மட்டும் வீட்டில் அடைந்திருப்பதாக எண்ணுவார். உண்மையில் அவர் மிகப்பெரும்பான்மையினருள் ஒருவர்.

நேர்ப்பேச்சிலும் மக்கள் துன்பத்தை மறைத்து இன்பத்தைக் காட்டும் இயல்புடையவரே. தம் சகமாணவர்கள் எந்த அளவுக்குத் துயரத்துக்கு ஆளாகிறார்கள் என்பதைக் கல்லூரி மாணவர்கள் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்று அலெக்சாண்டர் ஜோர்டனும் குழுவினரும் 2011 இல் காட்டினர். அவ்வாறு குறைத்து மதிப்பிடுவோரிடம் தனிமையுணர்வு கூடுதலாக இருந்தது.

மென்பொருள் அமைப்பின் பங்கு

தொடக்கக்கால பேஸ்புக்கில் ஒருவரைப் பற்றி அறிய அவருடைய பக்கத்துக்குச் சென்று பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் செய்தியோடை என்ற வசதி வந்தது. நண்பர்கள் அனைவரின் நடவடிக்கைகளையும் அது ஒரே ஓடையாகத் தொகுத்து முகப்பிலேயே காட்டியது. அப்போது பயனர்களாக இருந்தோருள் பெரும்பகுதியினர் மாணவர்களே. அவர்களில் பல இலட்சம் பேர் இதனை எதிர்த்துக் குழுக்களில் சேர்ந்தனர். தம் நடவடிக்கைகள் வேவு பார்க்கப்படுவதாக அவர்கள் குறைகூறினர். நிறுவனம் சில அமைப்புகளைச் சேர்த்துவிட்டு ஓடையைத் தொடர்ந்தது. அதன்பின் வந்த ஏறக்குறைய எல்லாச் சமூக வலைத்தளங்களும் இந்த வடிவத்தையே பின்பற்றின. தேடிச் சென்று அறிந்த செய்தி, தேடாமலே வந்து சேரும் செய்தியாக மாறிய இடம் இதுவே.

அடுத்த மாற்றம் அழியும் பதிவு. ஸ்னாப்சாட் 2013 அக்டோபரில் அறிமுகப்படுத்திய "ஸ்டோரிஸ்" 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இன்ஸ்டகிராம் 2016 ஆகத்திலும், வாட்சப் 2017 பெப்ரவரியில் "ஸ்டேட்டஸ்" என்ற பெயரிலும் இதனை ஏற்றுக்கொண்டன. இட்டவருக்கு இது விடுதலை. பழைய படம் பின்னாளில் தொல்லை தராது. பார்ப்பவருக்கோ இது கெடு. இன்று பார்க்காவிட்டால் நாளை இருக்காது என்பதால் நாள்தோறும் ஒருமுறையேனும் திறக்க வேண்டியதாகிறது. தவறவிடும் அச்சம் என்னும் சொல்லில் உள்ள "தவறவிடும்" என்ற பகுதியை மென்பொருளே நிகழ்த்திக் காட்டுகிறது எனலாம்.

ஸ்னாப்சாட்டின் தொடர்நாள் எண்ணிக்கை இன்னும் கடுமையானது. இருவர் ஒருவருக்கொருவர் 24 மணி நேரத்துக்குள் தவறாமல் படம் அனுப்பி வந்தால், அவர்கள் பெயர் அருகே தீச்சுடரும் நாட்களின் எண்ணும் தோன்றும். நேரம் முடியப்போகிறது எனில் மணற்கடிகைக் குறி தோன்றும். ஒருநாள் தவறினால் எண் அழியும். தேர்வு, பயணம் முதலிய காரணங்களால் இணையத்தில் இருக்க முடியாத மாணவர்கள், எண்ணிக்கை அழியாமல் காக்கத் தம் கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுத்துச் செல்லும் வழக்கம் பரவலாக அறியப்பட்டது. அதே நிறுவனம் 2017 சூனில் வெளியிட்ட நிலப்படம், இருப்பிடத்தைப் பகிர ஒப்புக்கொண்ட நண்பர்கள் எங்கெங்கு உள்ளனர் என்பதைக் காட்டுகிறது. நான்கு நண்பர்களின் குறிகள் ஒரே வீட்டின்மேல் நிற்பதை ஐந்தாமவர் தன் அறையில் இருந்து பார்க்க முடியும். முன்பு யாரும் சொல்லாவிட்டால் தெரியாமலே போயிருக்கும் ஒன்று இது.

வாட்சப்பில் 2014 நவம்பரில் வந்த நீலநிறச் சரிக்குறி, செய்தி படிக்கப்பட்டதை அனுப்பியவருக்குக் காட்டியது. எதிர்ப்பு எழுந்ததால் அதனை அணைத்துவைக்கும் வசதி தரப்பட்டது. ஆனால் அணைப்பவர் பிறருடைய நீலக்குறியையும் காண இயலாது. குழுக்களில் இவ்வசதி பயன்படாது. மறுமொழி வராத காத்திருப்புக்கு இவ்வாறு ஒரு புதிய பொருள் ஏற்பட்டது. "பார்க்கவில்லை" என்று எண்ணி அமைதியடைந்த இடத்தில் "பார்த்தும் எழுதவில்லை" என்ற எண்ணம் வந்து அமர்ந்தது.

உறக்கமும் படிப்பும்

உறக்கம் இவ்வச்சத்தால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாலி ஸ்காட், ஹெதர் கிளீலண்ட் வூட்ஸ் ஆகியோர் பதின்ம வயதினரை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட கட்டுரையில், தவறவிடும் அச்சம் மிகுந்தோர் படுக்கச் செல்லும் நேரம் பிந்துவதையும், படுத்த பின்னும் அவர்களுடைய மனம் விழிப்பிலேயே இருப்பதையும் சுட்டினர். திரையின் ஒளியைக் குறைப்பதால் மட்டும் இது தீராது. நண்பர்களின் உரையாடல் நள்ளிரவு வரை நடக்கும்போது பத்து மணிக்கு உறங்கச் செல்பவர் மறுநாள் வகுப்பில் அந்த நகைச்சுவை புரியாமல் நிற்க வேண்டியிருக்கும் என்பதே அவருடைய கவலை. படிப்பிலும் இதுவே நிகழ்கிறது. செல்பேசி ஒலிக்காதபோதும், ஒலித்திருக்குமோ என்று எடுத்துப் பார்ப்பதால் வாசிப்பு அறுபடுகிறது.

கூட்டுப் பொறி

இவ்வளவு தொல்லை தரும் ஒன்றை இளையோர் ஏன் விட்டுவிடவில்லை என்ற கேள்விக்கு, லியோனார்டோ பர்ஸ்டினும் மூன்று பொருளியலாளர்களும் 2023 இல் வெளியிட்ட ஆய்வு புதுமையான விடை அளித்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அவர்கள் இரு கேள்விகளைக் கேட்டனர். நான்கு வாரங்களுக்கு உங்கள் கணக்கை மட்டும் முடக்கிவைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்பது முதற்கேள்வி. டிக்டாக்குக்குச் சராசரியாக 59 டாலரும், இன்ஸ்டகிராமுக்கு 47 டாலரும் கேட்கப்பட்டன. இதை மட்டும் பார்த்தால், இச்சேவைகள் அவர்களுக்கு அவ்வளவு மதிப்புடையவை என்றே தோன்றும்.

உங்கள் கல்லூரியில் உள்ள எல்லோருடைய கணக்கும், உங்களுடையதும் சேர்த்து, ஒரே நேரத்தில் முடக்கப்பட்டால் என்ன என்பது மற்றொரு கேள்வி. விடை தலைகீழாயிற்று. அவ்வாறு முடக்கப்படுவதற்காகத் தாமே பணம் கொடுக்கவும் மாணவர்கள் முன்வந்தனர். டிக்டாக்குக்குச் சராசரியாக 28 டாலர், இன்ஸ்டகிராமுக்கு 10 டாலர் என்பன அத்தொகைகள். அதாவது அப்பொருள் உலகில் இல்லாதிருந்தால் நன்று என்று எண்ணும் பலர், பிறர் பயன்படுத்துவதால் தாமும் பயன்படுத்துகின்றனர். ஆய்வாளர் இதனைக் கூட்டுப் பொறி என்றனர். பயனர்கள் கூறிய காரணங்களுள் முன்நின்றது தவறவிடும் அச்சமே.

தெருக்கூத்து நடக்கும் திடலில் முன்வரிசையினர் எழுந்து நின்றால் பின்வரிசையினரும் நிற்க வேண்டியதாகிறது. எல்லோரும் நின்ற பிறகு, அமர்ந்திருந்தபோது தெரிந்ததைவிட யாருக்கும் நன்றாகத் தெரிவதில்லை. கால் வலிப்பது மட்டுமே மிச்சம். எனினும் தனியே உட்காருபவருக்குக் கூத்தே தெரியாது. தனி ஒருவரிடம் "மன உறுதியுடன் விலகு" என்று கூறும் அறிவுரைகள், அவரை மட்டும் உட்காரச் சொல்வதற்கு ஒப்பானவை.

வணிகப் பயன்பாடு

இவ்வச்சம் விற்பனைக்கு உதவும் என்பதை வணிகர்கள் நன்கு அறிவர். 2016 திசம்பரில் புகழ்பெற்ற விளம்பர அழகிகளும் பிறரும் ஒரே நேரத்தில் இன்ஸ்டகிராமில் வெறும் செம்மஞ்சள் நிறச் சதுரம் ஒன்றை இட்டு, பகாமாஸ் தீவுகளில் நடக்கவிருந்த ஃபயர் இசைவிழாவை விளம்பரப்படுத்தினர். நுழைவுச்சீட்டுகள் விரைந்து விற்றன. 2017 ஏப்ரலில் கிரேட் எக்சூமா தீவுக்குச் சென்ற இளைஞர்கள் கண்டவை பேரிடர்க் காலக் கூடாரங்களும் பொதியிட்ட ரொட்டித் துண்டுகளும் மட்டுமே. விழா கைவிடப்பட்டது. அமைப்பாளர் பில்லி மெக்ஃபார்லண்டுக்கு 2018 அக்டோபரில் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

"இன்னும் இரண்டே உள்ளன", "சலுகை பத்து நிமிடத்தில் முடிகிறது" போன்ற அறிவிப்புகள் இதன் அன்றாட வடிவம். இந்தியாவின் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அவற்றுள் ஒன்று.

தணிக்கும் முயற்சிகள்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹண்டும் குழுவினரும் 143 மாணவர்களிடம் நடத்தி 2018 இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவினர் பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் மூன்று வாரங்களுக்குப் பயன்படுத்தினர். அவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. தவறவிடும் அச்சமோ வழக்கம்போல் பயன்படுத்திய பிரிவினரிடமும் குறைந்தது. தம் பயன்பாட்டைத் தாமே கண்காணித்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

நிறுவனங்களும் சில மாற்றங்களைச் செய்தன. இன்ஸ்டகிராம் 2019 இல் சில நாடுகளில் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்து, 2021 இல் அதனைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டது. ஒப்பனையற்ற வாழ்வைக் காட்டுவதாகக் கூறி 2022 இல் புகழ்பெற்ற "பிரியல்", நாளில் எதிர்பாராத ஒரு நேரத்தில் அழைத்து இரண்டு நிமிடத்துக்குள் படம் எடுக்கச் சொன்னது. ஒப்பனை குறைந்தது உண்மையே. ஆனால் தவறவிடக்கூடிய மற்றொரு கெடு பிறந்தது.

கூட்டுப் பொறிக்குக் கூட்டாகவே வழிதேடும் முயற்சிகள் வேறு வகையின. அமெரிக்காவில் 2017 இல் தொடங்கிய பெற்றோர் உறுதிமொழி இயக்கம் ஒன்று, எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளுக்குத் திறன்பேசி தருவதில்லை என்று கையொப்பம் பெறுகிறது. ஒரே பள்ளியின் ஒரே வகுப்பில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். ஆசுத்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் இயற்றி, 2025 திசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. எல்லோரும் ஒன்றாக விலகினால் எவரும் எதையும் தவறவிட மாட்டார்கள் என்பது அதன் ஆதரவாளர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. வீட்டிலும் பள்ளியிலும் துணை கிடைக்காத இளையோருக்கு இணைய நட்பே ஆதரவு, அதனை அடைப்பது தீங்கு என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

விமர்சனங்கள்

பெரும்பாலான ஆய்வுகள் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட வினாத்தாள் விடைகளை நம்பியிருப்பதால், வலைத்தளப் பயன்பாடு அச்சத்தைத் தருகிறதா, அச்சம் உடையவர் வலைத்தளத்தை நாடுகிறாரா என்பதைப் பிரித்தறிய முடிவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கலாம். ஆய்வுக்கு உட்பட்டோர் பெரும்பாலும் மேற்கு நாடுகளின் கல்லூரி மாணவர்கள் என்பதும் ஒரு குறை.

எல்லாத் தவறவிடுதலும் மயக்கம் அன்று என்பது மற்றொரு விமர்சனம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புக்கென ஒரு வாட்சப் குழு இருக்கும். வாழ்த்துப் படங்களும் வேடிக்கைகளும் நூற்றுக்கணக்கில் வரும் அதே குழுவில்தான், வகுப்பு மாற்றப்பட்டதும், ஒப்படைப்பின் கடைசி நாளும், வேலைவாய்ப்பு முகாமுக்குப் பெயர் கொடுக்கும் நேரமும் வரும். அக்குழுவை மூன்று நாட்கள் பார்க்காத மாணவரின் கவலையை உளவியல் குறைபாடு என்று கூறுவது பொருந்தாது. அவர் உண்மையிலேயே ஒரு வாய்ப்பை இழக்கக்கூடும். குழுவிலிருந்து விலகுபவரின் பெயரை எல்லோருக்கும் அறிவிக்காமல் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரிவிக்கும் மாற்றத்தை வாட்சப் 2022 இல் செய்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாத தேர்வு அட்டவணை அக்குழுவில் மட்டும் வருமெனில், இம்மாற்றத்தால் அம்மாணவருக்குப் பயன் சிறிதே.